பாரணை இல்லாத உபவாசம்

நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணொருத்தி 15, 16 பிராயத்தில், வெளிப்படையான காரணம் எதுவும் புலப்படாமல் நாளுக்கு நாள் மெலியத் தொடங்கினால், அவளை அழைத்துக்கொண்டு பெற்றோர் ஏறி இறங்கும் படிகள் நம் ஊர்களில் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் அமைகின்றன. முதலில் தெருமுனை டாக்டர். அவர் ஒரு சத்து டானிக்கும் பூச்சி மாத்திரையும் எழுதித் தருவார். அதற்கும் தேறாவிட்டால் இரத்தம், சிறுநீர், தைராய்டு, காசநோய் என்று சோதனைகள். சாப்பிட்டவுடன் வயிறு உப்பிக்கொள்கிறது என்று அவள் சொன்னால், அல்சராக இருக்கலாமென்ற ஐயத்தில் எண்டோஸ்கோபி. மாதவிடாய் நின்றுபோனால் மகளிர் மருத்துவரிடம் ஸ்கேனும் ஹார்மோன் மாத்திரையும். நடுநடுவே திருஷ்டி கழிப்பதும் குலதெய்வத்துக்கு முடிந்துவைப்பதும். இவ்வளவுக்கும் பிறகு, எல்லாம் நார்மலாக இருக்கிறது, நன்றாகச் சாப்பிடச் சொல்லுங்கள் என்ற ஒரே உபதேசம்தான் மிஞ்சுகிறது. இலையிலோ தட்டிலோ சோறு விழும் கணத்தில் உன் மனத்தில் என்ன நடக்கிறது என்று அந்தப் பெண்ணை ஒருவரும் கேட்பதில்லை. கேட்காததனால், வியாதியின் பெயர் தெரியாமலே மாதங்களும், சில குடும்பங்களில் வருஷங்களும் கழிந்துவிடுகின்றன.

உண்ணல் கோளாறுகள் என்று மனநல வைத்தியம் வகைப்படுத்தும் இந்த வியாதிகள் நம் நாட்டுக்கு அந்நியமானவை, செல்வம் கொழிக்கும் மேல்நாட்டு மாதர் அழகின்மீது கொண்ட அளவிறந்த மோகத்தால் தமக்குத் தாமே வருவித்துக்கொள்பவை என்றோர் அபிப்பிராயம் படித்தவர்களிடையே வேரூன்றியிருக்கிறது. வைத்தியர்களிலும் அவ்வாறு எண்ணுவோர் உண்டு. என் கட்சி இதற்கு நேர்மாறானது. இங்கே அபூர்வமாக இருப்பது அவ்வியாதியைக் கேட்டறியும் பழக்கமே. அது மனநல மருத்துவரின் அறையை வந்தடைவதற்கு வெகுகாலம் முன்பே பொது மருத்துவர், மகளிர் மருத்துவர், பல் மருத்துவர் ஆகியோரின் கண்முன் வந்து நின்றுவிட்டுப் போகிறது. அதைக் குணப்படுத்துவதிலோ, நாம் எளிதில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிற குடும்பத்துக்கே தலையாய பங்கு இருக்கிறது.

இதை நவீன நாகரிகத்தின் விளைவு என்போர் சரித்திரத்தைச் சிறிது திரும்பிப் பார்க்க வேண்டும். லண்டன் வைத்தியரான ரிச்சர்ட் மோர்ட்டன் 1689-இல் க்ஷயரோகத்தைப் பற்றி லத்தீன் மொழியில் வெளியிட்ட நூலில், இருமலோ ஜுரமோ சிறிதுமின்றி, மனத்துயரினால் பசியை இழந்து எலும்பும் தோலுமாகிப்போன 18 வயதுப் பெண்ணொருத்தியையும், அவ்வாறே மெலிந்த 16 வயதுப் பையன் ஒருவனையும் வருணித்திருக்கிறார். அழகிகளின் படம் தாங்கிய பத்திரிகையும் கைப்பேசியும் கனவிலும் தோன்றாத காலம் அது. பிறகு 1873-இல், ஏறக்குறைய ஒரே சமயத்தில், லண்டனில் சர் வில்லியம் கல், பாரிஸில் சார்ல்ஸ் லசேக் ஆகிய இருவரும் இந்நோயைத் தனி வியாதியாக இனங்கண்டு எழுதினார்கள். இன்று வழங்கும் அனோரெக்ஸியா நெர்வோசா என்னும் பெயரைச் சூட்டியவர் வில்லியம் கல். நோயாளியின் குடும்பத்தைக் குறித்து அவ்விருவரும் கொண்டிருந்த எண்ணம் கவனிக்கத்தக்கது. வீட்டார் அறிந்தவை கெஞ்சுவதும் மிரட்டுவதும் ஆகிய இரண்டே உபாயங்கள், அவ்விரண்டும் விரைவிலேயே செலவாகிவிடுகின்றன என்று லசேக் கண்டார். உறவினரும் நண்பருமே இந்நோயாளியைப் பராமரிக்க மிகவும் தகுதியற்றவர்கள் என்று வில்லியம் கல் தீர்மானமாகவே எழுதினார். பெண்ணைப் பெற்றவர்களிடமிருந்து பிரித்து, பிறர் கண்காணிப்பில் வைத்து, வேளை தவறாமல் உணவூட்டுவதே முறை என்ற கொள்கை அதன்பின் நூறாண்டுக் காலம் செல்வாக்குடன் இருந்தது.

உண்ணல் கோளாறு என்றதும் மெலிந்த தேகமே மனக்கண்முன் தோன்றுகிறது. உண்மையில் இக்குடும்பத்து வியாதிகளில் பெரும்பாலானவை மெலிவை ஏற்படுத்துவதில்லை. 1979-இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையைச் சேர்ந்த ஜெரால்டு ரஸ்ஸல், 30 நோயாளிகளை ஆராய்ந்து, புலிமியா நெர்வோசா என்னும் இரண்டாவது வகையை வருணித்தார். கட்டுக்கடங்காமல் உண்பதும், உண்டதற்குப் பிராயச்சித்தமாக வாந்தி எடுப்பதும் பேதி மருந்து விழுங்குவதும் பட்டினி கிடப்பதும் மாறிமாறி ஒரு சக்கரமாகச் சுழல, எடையோ பெரும்பாலும் சாதாரண அளவிலேயே நிற்கும். ஆதலால் ஒரே வீட்டில் வாழும் தாய்க்குக்கூட வருஷக்கணக்கில் விஷயம் தெரியாதிருப்பது இயல்பு. பல்லின் எனாமல் உட்புறமாக அரிக்கப்படுவதும், காதுக்கருகே உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கிக் கன்னம் பூரித்துத் தோன்றுவதும், விரல் முட்டியில் தழும்பு ஏறுவதும் அதன் அடையாளங்கள். இவற்றுள் முதலாவதைக் காண்பவர் பல் மருத்துவர், மூன்றாவதற்கு ரஸ்ஸலின் பெயரே வழங்குகிறது. பிராயச்சித்தம் எதுவுமின்றி, வெட்கத்தோடு தனிமையில் மிகையாக உண்ணும் மூன்றாவது வகையை ஆல்பர்ட் ஸ்டங்கார்டு 1959-இலேயே எடுத்துக்காட்டியிருந்தும், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் அது தனி வியாதியாக இடம்பெற்றது 2013-இல்தான். மாதவிடாய் நின்றிருந்தாலன்றி அனோரெக்ஸியா என்று கூறலாகாது என்றிருந்த பழைய விதியும் அதே 2013-இல் நீக்கப்பட்டது. மோர்ட்டன் கண்ட அந்தப் பையனைப் போன்றவர்களுக்கு அதன்மூலம் நியாயம் கிடைத்தது எனலாம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சென்னையைச் சேர்ந்த மனநல மருத்துவர்களான ஸ்ரீநிவாசன், சுரேஷ், ஜெயராம் முதலியோர் 210 மருத்துவ மாணவர்களிடம் விசாரித்து 1995-இல் வெளியிட்ட ஆய்வில், முற்றிய நோய் காணப்படாவிட்டாலும், உணவையும் எடையையும் பற்றிய ஓயாத மனவேதனை 14.8 சதவீதத்தினரிடம் இருந்தது தெரியவந்தது. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில், குழந்தைகள் மனநலப் பிரிவின் பதிவேடுகளைக்கொண்டு செய்த ஆய்வொன்று 2007-இல் வெளியாயிற்று. அங்கே உண்ணல் கோளாறுடன் வந்த சிறுவர் சிறுமியரில் மிகப் பெரும்பாலோர் மனக்காரணத்தால் உண்டாகும் வாந்தியோடு வந்தவர்கள், அனோரெக்ஸியா உடையோர் சிறுபான்மையினரே. பெங்களூரில் 66 மனநல மருத்துவர்களிடம் விசாரித்து 2012-இல் வெளியான மற்றொரு ஆய்வில், மூன்றில் இரண்டு பங்கினர் இத்தகைய நோயாளியை ஒருவரையேனும் தாம் பார்த்திருப்பதாகக் கூறினார்கள். மனநல மருத்துவர்வரை வந்து சேர்ந்தவர்களின் கணக்கு மட்டுமே இது என்பதை நினைவில் கொண்டால், வயிற்று வைத்தியரோடு நின்றுவிட்டவர்கள் எத்துணைப் பேர் என்ற கேள்வி தானாகவே எழும்.

வந்து சேராததற்கு ஒரு முக்கியக் காரணம், நாம் இவ்வியாதியைப் பிறர் வரைந்த உருவத்திலேயே தேடுவது. பருமனாகிவிடுவோமோ என்ற பெரும்பயமே அனோரெக்ஸியாவின் உயிர்நிலை என்று மேல்நாட்டு நூல்கள் போதித்தன. ஆனால் ஹாங்காங்கில் சிங் லீ என்னும் மனநல மருத்துவர் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், 70 சீன நோயாளிகளில் 41 பேர் நோயின் எந்தக் கட்டத்திலும் அந்தப் பயத்தை வெளியிடவே இல்லை. வயிறு உப்புகிறது, பசிக்கவில்லை, சாப்பிட முடியவில்லை என்றே அவர்கள் காரணம் சொன்னார்கள். நம் வீடுகளில் அன்றாடம் கேட்கும் வார்த்தைகளும் இவைதாமல்லவா? பயத்தைத் தேடிப்போன வைத்தியர் பயம் இல்லையென்று கண்டு வியாதியும் இல்லையென்று முடிவு கட்டிவிடுகிறார். உப்புசத்தைக் கேட்ட வைத்தியரோ அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை எழுதிவிடுகிறார்.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு பிழை நேர்வதுண்டு. மேல்நாட்டு வினாத்தாளை அப்படியே எடுத்துக்கொண்டு வட இந்தியப் பள்ளி மாணவிகளிடம் கேட்டபோது, சமய விரதம் முதலிய வழக்கங்களைக் குறித்து அவர்கள் அளித்த விடைகள் நோயின் அறிகுறிகளாகக் கணக்கில் ஏறிவிட்டதை கிங், புக்ரா என்னும் இருவர் 1989-இல் சுட்டிக்காட்டினார்கள். உபவாசத்தை வழிபாட்டின் ஓர் அங்கமாகவே கொண்டிருக்கும் ஜனங்களிடையே, பக்தியின் பட்டினியையும் பிணியின் பட்டினியையும் பிரித்தறிவது எவ்விதம்? விடை நம் ஆசாரங்களிலேயே அடங்கியிருக்கிறது. ஏகாதசியன்று நீர் மட்டும் அருந்தியிருப்பவர் துவாதசியன்று அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் கூட்டிப் பாரணை செய்கிறார். ரமலான் நோன்பு அந்தி சாய்ந்ததும் கஞ்சியோடு முடிகிறது. தவக்காலம் ஈஸ்டர் விருந்தில் நிறைவு பெறுகிறது. எந்தச் சமயமும் முடிவில்லாத உபவாசத்தைக் குடும்பத்தாருக்கு விதித்ததில்லை. ஆகவே வைத்தியர் கேட்க வேண்டியது, விரதம் இருக்கிறாயா என்பதைவிட, விரதம் முடியும் வேளை நெருங்க நெருங்க உனக்கு மகிழ்ச்சி தோன்றுகிறதா, அச்சம் தோன்றுகிறதா என்பதையே. திங்கட்கிழமைக்குச் சோமவாரம், வியாழனுக்கு குரு பகவான், வெள்ளிக்கு அம்மன், சனிக்குப் பெருமாள் என்று சில மாதங்களுக்குள் வாரம் முழுவதையும் விரதத்தால் நிரப்பிவிட்ட பெண்ணைக் கண்டு பாட்டிமார் பூரித்துப்போகலாம். விவரமறிந்த வைத்தியர் அவளுடைய நாடியைப் பிடித்துப் பார்ப்பார்.

காரணம் யாது என்ற விசாரணையில் நான் அதிகம் இறங்கப் போவதில்லை. ஏனெனில், யார் குற்றம் என்ற கேள்வியாக அது சீக்கிரமே உருமாறிவிடுகிறது. சூழ்நிலைக்குப் பங்குண்டு என்பதை ஃபிஜித் தீவுகள் காட்டின: அங்கே நாட்ரோகா பிரதேசத்துக்கு 1995-இல் தொலைக்காட்சி வந்தது, அவ்வாண்டில் அபாயகரமான உணவு மனப்பான்மையை 12.7 சதவீதப் பள்ளி மாணவியரிடம் கண்ட ஆன் பெக்கர், 1998-இல் அதை 29.2 சதவீதத்தினரிடம் கண்டார். பரம்பரைக்கும் பங்குண்டு என்பதை, ஏறத்தாழ 17,000 நோயாளிகளின் மரபணுக்களை ஒப்பிட்டு 2019-இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. அந்த ஆராய்ச்சியில் மனநோய்களோடு மட்டுமன்றி, உடலின் வளர்சிதை மாற்ற இயல்புகளோடும் இந்நோய் பிணைந்திருப்பது புலனாயிற்று. வீண் அலங்கார ஆசை என்றும் தாயின் வளர்ப்புக் குறை என்றும் பழி சுமத்துவோர் இவ்விரண்டையும் ஒருசேர எண்ணிப் பார்ப்பாராக.

சிகிச்சைக்கு அடிப்படையான ஓர் உண்மையை நமக்குக் கற்பித்தது, நோயாளிகளைச் சிறிதும் சம்பந்தப்படுத்தாத ஒரு பரிசோதனை. இரண்டாம் உலகப்போரின் இறுதிக்கட்டத்தில், போரில் ஆயுதமேந்த மனச்சாட்சி இடங்கொடாத 36 ஆரோக்கியமான இளைஞர்கள், அன்செல் கீஸ் என்பவரின் மேற்பார்வையில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில், பஞ்சத்தில் அடிபட்ட மக்களுக்கு எவ்வாறு உணவளிப்பது என்பதைக் கண்டறியும் பொருட்டு, 24 வாரங்கள் அரைவயிற்று உணவில் இருக்க மனமுவந்து இசைந்தார்கள். அவர்கள் எடையில் ஏறக்குறைய கால்பங்கு குறைந்தது, அது எதிர்பார்த்ததே. எதிர்பாராதது மனத்தின் மாறுதல். கலகலப்பானவர்கள் ஒதுங்கி முடங்கினார்கள். உணவைச் சின்னஞ்சிறு துண்டுகளாக்கி மணிக்கணக்கில் உண்டார்கள். சமையல் புத்தகங்களைச் சேகரித்தார்கள். உணவையன்றி வேறொன்றைச் சிந்திக்க இயலாமல் தவித்தார்கள். சிலர் கட்டுப்பாடு குலைந்து மிதமிஞ்சி உண்டுவிட்டுக் குற்ற உணர்வில் வெந்தார்கள். அனோரெக்ஸியாவின் மனோவிகாரங்கள் என்று நாம் கருதுபவற்றுள் பல, பட்டினியின் காரணமல்ல, பட்டினியின் காரியம் என்பது இதிலிருந்து பெறப்படுகிறது. மனம் தெளிந்தபின் உண்பாள் என்று காத்திருப்பது ஆகவே முறை தவறிய தாமதம். உண்டு தேறினாலன்றி மனம் தெளியாது. இந்நோயில் மருந்துகளுக்கெல்லாம் முந்திய மருந்து ஆகாரமே.

இந்த மருந்துக்கும் அளவும் படியும் உண்டு. நெடுநாள் வறண்டு கரை இளகிப்போன ஏரிக்குள் வெள்ளத்தை ஒரேயடியாகத் திருப்பிவிட்டால் கரை உடைவதைப்போல, கடும்பட்டினியில் கிடந்த சரீரத்துக்குத் திடீரென்று மிகுந்த உணவைக் கொடுத்தால் இரத்தத்திலுள்ள பாஸ்பேட்டும் பொட்டாசியமும் மக்னீசியமும் சடுதியில் சரிந்து, இருதயம் தடுமாறி, உயிருக்கே அபாயம் நேரக்கூடும். போர்க்கைதிகள் விடுதலையாகி வயிறார உண்டபின் மாண்டுபோனதைக் கண்டு வைத்திய உலகம் கற்றுக்கொண்ட பாடம் இது. ஆதலால், மிக மெலிந்தவர்கள், நாடித்துடிப்பு வெகுவாகக் குறைந்தவர்கள், எழுந்து நின்றால் மயங்கி விழுபவர்கள், ஓயாது வாந்தி எடுப்பவர்கள் ஆகியோருக்கு முதற்கட்டச் சிகிச்சை ஆஸ்பத்திரியில், பொது மருத்துவரும் மனநல மருத்துவரும் சேர்ந்து கவனிக்க, தையமின் கொடுத்து, இரத்த உப்புகளை அடிக்கடி அளந்து, உணவைப் படிப்படியாக உயர்த்தியே நடைபெற வேண்டும். இரத்தப் பரிசோதனை சீராக இருக்கிறதென்று எவரும் தைரியம் கொள்ளலாகாது. சரீரம் தன் உள்ளிருப்பைக் கரைத்து வெளிக்கணக்கை நேராகக் காட்டுவதில் கடைசிவரை சமர்த்துள்ளது. 36 ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் வெளியான கணக்கின்படி, அனோரெக்ஸியா உடையோரின் மரண விகிதம் அதே வயதுடைய மற்றவர்களுடையதைப்போல் ஏறக்குறைய ஆறு மடங்கு. அம்மரணங்களில் ஐந்தில் ஒன்று தற்கொலை. மனநோய்களில் இதனை ஒத்த மாரகம் உடையவை வெகு சில.

கண்டறியும் காரியம் இதைவிட மிகச் சுலபமானது. 1999-இல் இங்கிலாந்தில் வகுக்கப்பட்டு உலகெங்கும் வழங்கும் ஒரு முறையில் உள்ளவை ஐந்தே கேள்விகள்: வயிறு நிறைந்து சங்கடமாக இருக்கிறதென்று நீயாகவே வாந்தி எடுப்பதுண்டா, எவ்வளவு உண்கிறோம் என்பது கைமீறிப்போய்விட்டதாகக் கவலைப்படுகிறாயா, மூன்று மாதத்துக்குள் ஆறு கிலோவுக்கு மேல் எடை குறைந்திருக்கிறதா, ஒல்லியாக இருக்கிறாய் என்று மற்றவர் சொல்லும்போதும் உனக்கு நீ குண்டாகத் தோன்றுகிறாயா, உணவே உன் வாழ்க்கையை ஆட்டிவைக்கிறது என்பாயா? இவற்றுள் இரண்டுக்கு ஆமென்று விடை வந்தால் மேலும் விசாரிக்க வேண்டும். ஹாங்காங் அனுபவத்தையும் நம் விரத வழக்கத்தையும் கருதி ஆறாவதாக ஒன்றை நான் சேர்ப்பேன்: சாப்பிடாததற்கு நீ சொல்லும் காரணம் நீங்கிய பிறகும் சாப்பிட முடியவில்லையா? இக்கேள்விகளைப் பெற்றோரை வெளியே அனுப்பிவிட்டுத் தனியாக, கண்டனத் தொனி சிறிதுமின்றிக் கேட்க வேண்டும். பிறகு எடை, உயரம், படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், பொட்டாசியம், ஈசிஜி ஆகியவை போதும். பெண்களோடு நிறுத்திவிடவும் கூடாது. உடற்கட்டின் பேரில் ஜிம்மே கதியென்று கிடந்து, சோற்றைத் துறந்து, பவுடரில் ஜீவிக்கும் வாலிபர்களையும், எடை குறையுமென்று இன்சுலின் ஊசியை ரகசியமாகத் தவிர்க்கும் முதல்வகை நீரிழிவு உடைய இளையோரையும் கேட்க வேண்டும். பின்னவரிடம் இப்பழக்கம் கண்ணையும் சிறுநீரகத்தையும் வெகு சீக்கிரத்தில் பறித்துவிடும்.

இப்போது குடும்பத்தைப் பற்றிய பழைய வழக்குக்குத் திரும்புவோம். வில்லியம் கல் அளித்த தீர்ப்பை மாற்றி எழுதியது, ரஸ்ஸல் பிற்பாடு பணியாற்றிய லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனை. அவரும் ஐவன் ஐஸ்லர், கிறிஸ்டோபர் டேர் முதலியோரும் 80 நோயாளிகளைக்கொண்டு நடத்தி 1987-இல் வெளியிட்ட ஆய்வில், இளம்பிராயத்தில் நோய் தொடங்கி மூன்று வருஷத்துக்குள் சிகிச்சைக்கு வந்தவர்கள், தனியாக அளிக்கப்பட்ட ஆலோசனையைவிடக் குடும்பத்தோடு சேர்த்து அளிக்கப்பட்ட சிகிச்சையில் தெளிவாகத் தேறினார்கள். ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தபோதும் அந்த மேன்மை நிலைத்திருந்தது. அமெரிக்காவில் 121 இளையோரிடம் நடத்தி 2010-இல் வெளியான ஆய்விலும், சிகிச்சை முடிந்து ஓராண்டுக்குப் பின் முழுமையாகக் குணமடைந்திருந்தவர்கள் குடும்பச் சிகிச்சையில் 49 சதவீதம், தனி ஆலோசனையில் 23 சதவீதம். இந்த முறையில் நோய் யாரால் வந்தது என்ற விசாரணைக்கே இடமில்லை. முதற்கட்டத்தில், எதை, எவ்வளவு, எப்போது உண்பது என்பதைப் பெற்றோரே தீர்மானித்து, மூன்று வேளையும் சிற்றுண்டி வேளையும் பக்கத்தில் அமர்ந்து, கோபிக்காமலும் கெஞ்சாமலும் விட்டுக்கொடுக்காமலும் உண்ணச் செய்கிறார்கள். எடை ஏறி அச்சம் தணிந்தபின், இரண்டாம் கட்டத்தில், உணவின் பொறுப்பு சிறிது சிறிதாகப் பிள்ளையின் கைக்குத் திரும்புகிறது. மூன்றாம் கட்டத்தில்தான் படிப்பு, நட்பு, தன்னம்பிக்கை முதலியவை பேச்சுக்கு வருகின்றன. லசேக் கண்ட இரண்டு உபாயங்களுக்கு மேல் மூன்றாவதான ஒன்று, பயிற்சி பெற்ற உறுதி, பெற்றோருக்கு இவ்வாறு அளிக்கப்படுகிறது.

பிள்ளை உண்டதா என்று கேட்டுவிட்டே உறங்கச் செல்லும் தாயும், தட்டைப் பார்த்தே பேத்தியின் மனநிலையை அறியும் பாட்டியும் இருக்கிற நம் வீடுகளுக்கு இந்தச் சிகிச்சை எவ்வளவு இசைவானது என்பதை விவரிக்க வேண்டியதில்லை. ஆயினும் நம் குடும்பங்களின் குறைகளை மறைத்துப் பேசுவதும் நேர்மையாகாது. கல்யாண வீட்டில் கண்டவுடன் குண்டாகிவிட்டாய் என்றோ துரும்பாக இளைத்துவிட்டாய் என்றோ உடம்பை விமரிசித்து வரவேற்கும் உறவினர். வரன் பார்க்கும் பருவம் வந்ததும் மகளின் சோற்றைக் குறைக்கும் தாய். சமையலறை விவகாரத்தில் தமக்குச் சம்பந்தமில்லையென்று ஒதுங்கும் தகப்பனார். மனநல மருத்துவரிடம் போனது தெரிந்தால் சம்பந்தம் அமையாதென்று சிகிச்சையையே ஒளித்துவைக்கும் பயம்: இவையெல்லாம் சிகிச்சையின் பகைகள். அடியும் வசையும் நிறைந்த வீட்டுக்கு, அல்லது பிள்ளைக்குக் கேடு விளைவித்தவரே உள்ளிருக்கும் வீட்டுக்கு, இம்முறை பொருந்தவே பொருந்தாது. அங்கே பிரித்து வைப்பதே தர்மம். வயது வந்தவர்களுக்கும் வேறு வழி வேண்டும். புலிமியாவுக்கும் மிகையுண்ணும் கோளாறுக்கும், ஆக்ஸ்போர்டில் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் உருவாக்கிய, ஏறத்தாழ 20 அமர்வுகளில் முடியும் எண்ண, நடத்தைச் சிகிச்சை நல்ல பலன் தருகிறது. புலிமியாவில் ஃப்ளுவாக்ஸெடின் என்ற மருந்தும் துணை செய்கிறது. அனோரெக்ஸியாவின் மூலத்தைத் தீர்க்கும் மாத்திரை மட்டும் இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

வறுமையால் உணவு கிடைக்காத குழந்தைகளும், இரத்தசோகையால் வெளுத்த தாய்மாரும் நிறைந்த நாட்டில், உணவிருந்தும் உண்ண மறுப்பவர்களுக்காகப் பொதுப்பணத்தைச் செலவிடுவது நியாயமா என்று கேட்போர் உண்டு. அந்தக் கேள்வியில் தார்மிக ஆவேசம் இருக்கிறதேயன்றி, நோயைப் பற்றிய ஞானம் இல்லை. மறுப்பது என்ற சொல்லே, தன் விருப்பப்படி மறுக்கவும் ஏற்கவும் வல்லவர்களுக்குத்தான் பொருந்தும். அந்த வல்லமையைப் பறிப்பதே இவ்வியாதி. மேலும், இங்கே கோரப்படும் செலவும் அற்பமானது. எடை பார்க்கும் கருவியும் இரத்த அழுத்தக் கருவியும் எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இருக்கின்றன. கேள்வி கேட்கும் பழக்கம் ஒன்றே புதிதாக வேண்டியது.

மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும் அளிக்கப்படும் பயிற்சியில் உண்ணல் கோளாறுகளுக்கு அரைநாள் ஒதுக்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில், பொது மருத்துவமும் மனநலமும் ஊட்டச்சத்துப் பிரிவும் கூடி நடத்தும் சில படுக்கைகளையேனும் இதற்கென்று வைக்கலாம்; குடும்பச் சிகிச்சையில் தேர்ந்த ஆலோசகர்களை அங்கே அமர்த்தலாம். மனநோய்க்கும் உடல்நோய்க்குச் சமமாகக் காப்பீடு அளிக்க வேண்டுமென்று 2017-ஆம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு கட்டளையிட்டிருப்பதை இன்ஷூரன்ஸ் நிறுவனங்களுக்கு அரசு நினைவூட்டலாம். 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசி மனநலச் சேவையின் 14416 என்ற எண்ணில் விடையளிப்பவர்கள் இந்நோயின் லட்சணங்களை அறிந்திருக்கச் செய்யலாம். பள்ளிகள், வகுப்பின் முன்னிலையில் பிள்ளைகளின் எடையை உரக்கப் படிப்பதை நிறுத்தலாம். பத்து நாளில் பத்துக் கிலோ என்ற விளம்பரங்களை ஏற்பதா என்பதைப் பத்திரிகைகளும் தமக்குள் ஆலோசிக்கலாம்.

இவற்றுள் எதை முதலில் செய்வது என்று கேட்டால், பயிற்சியைத்தான் சொல்வேன். இந்நோயில் குணமடைதல் பெரும்பாலும் காலத்தைப் பொறுத்தது. மாட்ஸ்லி ஆய்வில் மூன்று வருஷத்துக்குள் வந்தவர்களே குடும்பச் சிகிச்சையில் தேறினார்கள் என்பதை மறக்கலாகாது. அந்த மூன்று வருஷங்களை நம் பிள்ளைகள் டானிக்கிலும் எண்டோஸ்கோபியிலும் செலவழித்துவிடாதபடி தடுக்கக்கூடியவர், அவர்களை முதன்முதலில் பார்க்கும் டாக்டர் ஒருவரே. பெற்றோரோ சிகிச்சையில் இறங்க ஆயத்தமாகவே இருக்கிறார்கள். அவர்களுக்கு வியாதியின் பெயரைச் சொல்லி வேலையைக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு வைத்தியத் தொழிலைச் சேர்ந்தது.